யாருக்குக் கொடுக்கக் கூடாது?

மார்ச் 4

அண்ணா,

போனை நீ எடுக்கப் போவதில்லை என்று புரிந்துவிட்டது. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும். எடுத்ததுதான் எடுத்தாய், படித்துவிட்டுக் கிழி.

நேற்று அண்ணி அம்மாவிடம் போனைக் கொடுத்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டேன். "இருக்கேன். நீங்க எந்த ஆபீஸ்லேர்ந்து பேசறீங்க?" என்றாள். "நான் உன் பொண்ணும்மா" என்றேன். "அவ ஸ்கூலுக்குப் போயிருக்கா, சாயங்காலம் பேசுங்க" என்று வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் அண்ணிதான் திரும்பக் கூப்பிட்டு அழுதுகொண்டே எல்லாம் சொன்னார். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க இடம் பார்த்துவிட்டாயாம். மறதிக்காரர்களுக்கென்று தனிக் கட்டடமாம், வாசலுக்கு எப்போதும் பூட்டாம். என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு.

சண்டை நமக்குள். உன் வீட்டு விருந்தில், உன் டாக்டர் நண்பர்கள் முன்னால், அந்த மருந்துக் கம்பெனி ரெப்பைக் காட்டி, "இவர் விக்கறதைத்தான் எங்க அண்ணன் எழுதறான்" என்று சொன்னேன். "வெளிய போ" என்றாய், வந்துவிட்டேன். அதை அப்படியே வைத்துக்கொள். அம்மாவை அதற்குள் இழுக்காதே.

ஆயுசு முழுக்க அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள் அம்மா. வேலையை விட்ட பிறகும் பென்சில் இல்லாமல் காலைப் பேப்பரைத் தொட்டதில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடமாட்டாள். அதில் எழுத்துப் பிழை பார்த்துவிட்டுத்தான் மாத்திரையையே விழுங்குவாள். அந்தப் பென்சில் எங்கே என்று அண்ணியிடம் கேட்டேன். ஜனவரியிலிருந்து அம்மா அதைத் தேடவே இல்லையாம். டிசம்பர் வரை பேப்பர்க்காரனைத் திட்டிக்கொண்டே திருத்தியவள் ஜனவரியில் விட்டுவிட்டாள் என்றால், வயது என்ன ஜனவரி மாதம் வண்டி பிடித்தா வந்து இறங்கியது?

மாத்திரைகளைப் படித்துக் காட்டச் சொன்னேன். அடிக்கடி சிறுநீர் போகிறது என்று டிசம்பர் கடைசியில் நீ தொடங்கிய புது மாத்திரை ஒன்று. தோல் அரிப்புக்கு எப்போதும் போடுகிற பழைய மாத்திரை ஒன்று. வயதானவர்களுக்கு இந்த இரண்டும் சேரக் கூடாது அண்ணா. இரண்டுமே மூளையை மந்தப்படுத்தும். நிறுத்திப் பார். அதற்கு அப்புறம் இல்லத்தைப் பற்றிப் பேசலாம்.

உன் தங்கை


மார்ச் 9

வாயாடிக்கு,

கிழிக்கவில்லை. உன் புது முகவரி எனக்குத் தேவையாயிருந்தது, இதோடு வரும் படிவத்தை அனுப்ப.

முதலில் ஒன்று தெரிந்துகொள். அம்மாவோடு இருப்பவன் நான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகிறவளை, என் பெண்டாட்டியைப் பார்த்து "இந்த அம்மா யாரு, நம்ம வீட்லயே இருக்காங்க?" என்று கேட்கிறவளை, தினமும் பார்க்கிறவன் நான். ஸ்கேன் எடுத்தாயிற்று. வயதுக்குரிய தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். நீ அங்கே ஆஸ்பத்திரியில் சன்னல்கூட இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, அண்ணி போனில் படித்த நாலு பெயரைக் கேட்டுவிட்டு நோயைக் கண்டுபிடித்துவிட்டாய். சபாஷ்.

அந்த மாத்திரை புதியது. பழையவை மாதிரி மூளைக்குள் போகாது, வயதானவர்களுக்கென்றே வந்தது. டைக்காரர் வழவழப்பான படத்தைக் காட்டித் தெளிவாகவே விளக்கினார். (அந்த ரெப்புக்கு அம்மா வைத்த பெயர்தான், அதைச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.) அதோடு விட்டாரா? பெரிய பேராசிரியரையே வரவழைத்து எங்களுக்கெல்லாம் உரை ஏற்பாடு செய்தார். நீ மானத்தை வாங்கினாயே, அந்த விருந்துக்கு முந்தின வாரம்.

படி படி என்கிறாய். எப்போது படிக்க? காலையில் கதவைத் திறக்கும்போதே பெஞ்சு நிறைந்திருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல், கிழவருக்கு மூச்சு, ஒருத்திக்கு லீவு சர்டிபிகேட். மதியம் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிறேன். உங்கள் மருந்துத் தகவல் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து எவராவது ஒரு நாள் என் வாசலுக்கு வந்து, "டாக்டர், இது புதுசு, இதைப் பார்த்துக் கொடுங்க" என்று சொன்னதுண்டா? டைக்காரர் வந்தார். மழையிலும் வந்தார். உன் அண்ணிக்கு வலி எடுத்தபோது வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

படிவத்தில் பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்பார்கள். எல்லாம் நிரப்பிவிட்டேன். "சேர்க்கும் காரணம்: வயது காரணமான மறதி." அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் உன்னுடையதைப் போட்டு அனுப்பு. மாதக் கடைசிக்குள் வேண்டும்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

உன் வாசலுக்கு நாங்கள் வந்ததில்லை. அது சுருக்கென்று தைத்தது. எங்கள் மேசையில் போன் இருக்கிறது. எந்த டாக்டரும் எந்த மருந்தைப் பற்றியும் கேட்கலாம், தேடிப் படித்துப் பதில் சொல்வதுதான் எங்களுக்குச் சம்பளம். உன் ஊரிலிருந்து ஒரு போன்கூட வந்ததில்லை. நீங்கள் கேட்பதில்லை என்று நாங்கள் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கம்பெனிக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சரி, அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பேராசிரியருக்கு வண்டியும் அறையும் போட்டது யார் என்று கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். விருந்தாளியிடம் கேட்கிற கேள்வியா அது!

நான் சொல்வதை நம்ப வேண்டாம். டைக்காரர் அடுத்த முறை வரும்போது அவரிடமே ஒரு கேள்வி கேள். "இதை யாருக்குக் கொடுக்கக் கூடாது?" இவ்வளவுதான். யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று அவர் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். இதைக் கேள்.

அவர் நேராகப் பதில் சொன்னால், அந்தப் பதிலில் அம்மா இல்லை என்றால், படிவத்தில் கையெழுத்துப் போட்டு மறுநாளே அனுப்புகிறேன். சத்தியம். அதுவரை இந்தப் படிவம் என் மேசை டிராயரில்தான் கிடக்கும். நீ தலைகீழாக நின்றாலும் போட மாட்டேன்.

தங்கை


மார்ச் 20

வாயாடி,

கேட்டேன். உனக்காக இல்லை, உன் வாயை அடைக்க.

திங்கட்கிழமை வந்தார். டையை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இதை யாருக்குக் கொடுக்கக் கூடாது?" என்றேன். மனுஷன் சிரித்தார். "ரொம்ப சேஃப் சார்" என்று ஃபைலைத் திறந்து, பாட்டியும் தாத்தாவும் பூங்காவில் ஓடுகிற படத்தைக் காட்டினார். "படம் இருக்கட்டும், கேட்டதுக்குச் சொல்லுங்க" என்றேன். பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் அதே தாத்தா, இந்த முறை சைக்கிளில். "கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்" என்று போய்விட்டார்.

புதன்கிழமை பதிலுக்குப் பதிலாக ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. மாட்ட ஆணி உட்பட. மறுபடி கேட்டேன். வெள்ளிக்கிழமை அவருடைய மேனேஜரே வந்தார், கையில் பெரிய கேக். "சாருக்கு எங்க மேல ஏதாவது வருத்தமா?" என்கிறார். கொடுக்கக் கூடாதவர்கள் யார் என்று கேட்டதற்கு ஏனய்யா கேக் தருகிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. உன் அண்ணி அதற்குள் கத்தியை எடுத்துவந்துவிட்டாள்.

சிரிக்காதே. பதில் வரவில்லை என்பதால் நீ சொன்னது சரி என்றாகிவிடாது. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கூடவரும் தாளைப் பார்க்கலாம் என்றால் அம்மாவுக்குக் கொடுப்பதெல்லாம் சாம்பிள். அட்டையில் ஒட்டிய மாத்திரை மட்டும்தான், தாள் கிடையாது. டாக்டர் வீட்டில் யார் மருந்தைக் கடையில் வாங்குகிறார்கள்? அலமாரி நிறைய அதுதான் கிடக்கிறது.

நேற்று அம்மாவைக் காணவில்லை. நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அச்சகம் இருந்த தெருவில், ஒரு காலில் மட்டும் செருப்போடு, பூட்டிய கடைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டதாம். "வாம்மா வீட்டுக்கு" என்று கையைப் பிடித்தேன். "என் பையன் டாக்டர், அவன்கிட்ட சொல்லிடுவேன்" என்று என்னையே மிரட்டினாள்.

எனக்குப் பயமாயிருக்கிறது. பூட்டின வாசல் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான். கையெழுத்தைப் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

போட மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகும் அதே பதில்தான்.

பூட்டிய வாசலுக்குள் போட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? நீ எழுதிக் கொடுத்த மாத்திரைகளைத் தவறாமல், வேளை தப்பாமல் கொடுப்பார்கள். அங்கே யாரும் நிறுத்த மாட்டார்கள், டாக்டர் மகன் எழுதியதாயிற்றே. அம்மா உள்ளே கிடந்து தேய்வாள். "பாரு, நான் அப்பவே சொன்னேன்" என்று நீ சொல்வாய்.

இன்றைக்கே இரண்டையும் நிறுத்து. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. பிறகு உன் கிளினிக்குக்குக் கீழே இருக்கிற மருந்துக் கடைக்குப் போ. உன் கடை மாதிரிதான், உன் சீட்டுகளால்தான் ஓடுகிறது, ஆனால் நீ ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அந்த மாத்திரையை ஒரு பெட்டி வாங்கு. உள்ளே தாள் இருக்கும். நான் படித்துச் சொல்ல மாட்டேன். நீ படி. இன்றைக்கு நான் சொல்லி நிறுத்தினால், நாளைக்கு வேறு எவரோ சொல்லித் தொடங்குவாய்.

இது அத்தனை கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. நாற்பது வயதுக்காரிக்கு நிம்மதி தரக்கூடிய மருந்துதான். அம்மாவுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சி,

மார்ச் 27 அன்று இரண்டையும் நிறுத்தினேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு.

மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பதறி எழுந்து, "சார், நீங்க எதுக்கு, ஆள அனுப்பியிருக்கலாமே" என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே வந்து தாளைப் பிரித்தால், விரிகிறது விரிகிறது, மேசையே போதவில்லை. எழுத்தோ எறும்பு. போன வருடம் டைக்காரர் கொடுத்த பூதக்கண்ணாடி டிராயரில் இருந்தது. பிடியில் இதே மாத்திரையின் பெயர் தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் படித்தேன்.

எல்லாம் இருக்கிறது. வயதானவர்களுக்குக் குழப்பம், மறதி வரலாம் என்று இருக்கிறது. அரிப்பு மாத்திரை வகையோடு சேர்த்தால் அதிகமாகும் என்று இருக்கிறது. ஒளித்து வைக்கவில்லை. அவர்கள் பெட்டியிலேயே, நான் தினம் ஏறி இறங்குகிற படிக்கட்டுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. வெளியே நோயாளிகள் இருமிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. பெற்றவளுக்கு என் கையாலேயே தண்ணீரோடு கொடுத்தேனே.

டைக்காரரை வரச் சொன்னேன். தாளை விரித்துக் காட்டினேன். பூதக்கண்ணாடியை வாங்கிப் படித்தார். "எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததத்தான் சார் நாங்க சொல்றோம். இந்தப் பக்கத்தை எங்களுக்கு நடத்தவே இல்ல. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கேள்விய எந்த டாக்டரும் கேட்டதில்ல சார்" என்றார். திட்ட வேண்டும் என்று கூப்பிட்டேன், திட்ட முடியவில்லை. யாரும் கேட்டதில்லை என்கிறாரே, அந்த யாரும் நான்தானே.

அலமாரியில் இருந்த சாம்பிளையெல்லாம் மூட்டை கட்டி அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். இந்த மாத்திரையை வாங்குகிற மற்ற வயதானவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரியவரின் மருமகள், "அவருக்கும் வயசாயிடுச்சுன்னு நெனச்சோம் டாக்டர்" என்றாள். மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். வரச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் மாற்றம் இல்லை. இல்லத்துக்காரர்களிடம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். விருந்தில் நீ பேசியது தப்புதான். சொன்ன விஷயம் சரியாக இருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தவர்கள் முன்னால் சொன்னது தப்பு.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணா,

சாப்பிட உட்கார்ந்தவர்கள் முன்னால் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அடுத்த முறை சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

அவசரப்படாதே. மந்தம் தெளிய வாரக்கணக்கில் ஆகலாம். முழுக்கத் தெளியும் என்றும் நான் வாக்குத் தர மாட்டேன். மறதி கொஞ்சம் உண்மையாகவே இருக்கலாம். எது மாத்திரை, எது வயது என்று இப்போதுதானே பார்க்கவே முடியும்.

"என் வாசலுக்கு எவராவது வந்ததுண்டா" என்று நீ கேட்டாயே, அதை எங்கள் தலைமை டாக்டரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் நல்லாத்தான் கேட்டிருக்காரு" என்றார். இனிமேல் மாதம் ஒரு முறை எங்களில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போகப் போகிறோம். கடிகாரம் கிடையாது, கேக் கிடையாது. ஒரு மருந்து, ஒரு பக்கம், அதில் பாதி யாருக்கு ஆகாது என்பது. எல்லாரும் சிரிக்கிறார்கள், வெறுங்கையோடு போனால் எந்த டாக்டர் கதவைத் திறப்பார் என்று. திறக்கும்வரை தட்டுவேன். முதல் ஊர் உன் ஊர். உன் நண்பர்களை ஹாலில் உட்கார வை, அதே ஆட்களை. தேநீர் மட்டும் போதும்.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். நீ நிரப்பினாய், நீயே கிழி.

தங்கை


ஏப்ரல் 21

தங்கச்சி,

உன் கடிதத்தை நான் கிளினிக்கில் இருந்தபோது தபால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா போன வாரம் வரை ஒரு நாள் நன்றாக இருப்பாள், மறுநாள் பழையபடி. ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து சத்தம். "இவனுங்களுக்கெல்லாம் யாரு வேலை கொடுத்தது? தலைப்புலயே தப்பு!" நுரையோடு ஓடினேன். அம்மா பேப்பரை விரித்துப் போட்டுக்கொண்டு, என் பெண்ணின் கலர் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாயைத் துடைச்சுக்கிட்டு வா, என் பென்சில் எங்க?" என்றாள். உன் அண்ணி சமையலறையில் நின்று அழுகிறாள், நான் வாசற்படியில் நின்று அழுகிறேன். "என்ன இந்த வீட்ல, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

எல்லாம் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நேற்றுகூடச் சாவியை எங்கே வைத்தோம் என்று அரை நாள் தேடினாள். சிறுநீர்த் தொல்லையும் திரும்பிவிட்டது. அடிக்கடி எழுந்து போகிறாள், போகும்போது என்னைத் திட்டிக்கொண்டே போகிறாள். திட்டட்டும், யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டுகிறாள். மருந்துத் தாளைக் கொடுத்தேன், பூதக்கண்ணாடியோடு. முழுக்கப் படித்துவிட்டு, "பிழை கம்மிதான். ஆனா யாரும் படிக்கக் கூடாதுன்னே அச்சடிச்சிருக்கான்" என்றாள்.

நேற்று டைக்காரர் வந்தார், மூட்டு வலிக்குப் புது மாத்திரையோடு. நான் வாயைத் திறப்பதற்குள், "யாருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன் சார், ஆனா ரெண்டு இடத்துல எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். எனக்கும் சந்தேகமாயிருந்தது. உங்கள் மேசைக்குப் போன் செய்தேன். நீ இல்லை, வேறொரு பெண் எடுத்தாள். நான் யார் என்று சொல்லவில்லை. நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அதுவரை அந்த மாத்திரையை எழுதப் போவதில்லை. எங்கள் ஊரிலிருந்து முதல் போன் வந்திருக்கிறது, குறித்துக்கொள்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை ஹால் காலியாக இருக்கும். நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முறைத்தார்கள், வருவார்கள். நீ சாப்பிடுவதற்கு முன்பே பேசலாம்.

இப்போது உன் கடிதம். உறையைப் பிரித்துப் படித்தது அம்மா. படிவம் அவள் கையில் சிக்கிவிட்டது. நான் வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடுங்கிக் கிழித்திருப்பேன், விடவில்லை. "இரு, பாத்துட்டுத் தரேன்" என்றாள். தன் பெயரைச் சரிபார்த்தாள், பிறந்த தேதியைச் சரிபார்த்தாள். என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உன் தங்கச்சி போடலயா?" என்றாள். "போடலம்மா" என்றேன்.

அப்புறம் பென்சிலைச் சீவிக்கொண்டாள். "சேர்க்கும் காரணம்" என்ற இடத்துக்கு வந்து, "வயது" என்று நான் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தாள். அச்சகத்தில் போடுகிற மாதிரி ஓரத்துக்கு ஒரு குறி இழுத்து, அங்கே அழகாக "மாத்திரை" என்று எழுதினாள்.

"இப்ப சரியா இருக்கு" என்று என்னிடம் கொடுத்தாள். நான் அதைக் கிழிக்கவில்லை. என் மேசைக்கு எதிரே, டைக்காரரின் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

அண்ணன்